நாற்பது சென்டிமீட்டர் சுவர்

அந்தச் சுவருக்குக் கான்கிரீட் ஊற்றி இருபத்தெட்டு நாளும் பதினாறு மணி நேரமும் ஆகியிருந்தபோது சப்ரீன் இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் அங்கேயே பஸ்ஸை அடைத்துவிட்டது. வழி முழுக்க மிஷின் பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. துளசி வாசமும் வியர்வையும் கலந்த நெரிசலுக்குள் கண்டக்டர் குனிந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வெடிகுண்டா?"

சப்ரீன் பதில் சொன்னாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"சொவத்துக்கு ஸ்கேன் எடுக்கிற மிஷின் அண்ணாச்சி," என்றார் பின் சீட்டில் இருந்த வேல்சாமி. "புள்ளத்தாச்சி வயித்துல வச்சுப் பாக்காகள்ல, அதே சங்கதிதான். உள்ள என்ன இருக்குன்னு சொல்லிப்புடும்."

பக்கத்தில் நின்ற மொட்டைத் தலைகள் சிரித்தன. வேல்சாமி அவளிடம் குனிந்தார். "வாய்க்குள்ளயே பேசுனா வாய்க்குத்தான் தாயி கேக்கும். செத்த சத்தமாப் பேசிப் பழகு."

பிசிக்ஸ் படித்து முடித்து ஏழு மாதமாக சப்ரீன் ஒரு கட்டடப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். வேல்சாமிக்கு அதே வேலையில் தலை நரைத்துவிட்டது. எங்கே போனாலும் இருவரும் ஜோடியாகத்தான் போக வேண்டும். அந்த மிஷினை ஒரு ஆள் மட்டும் வைத்துப் பார்க்க முடியாது.

அய்யனார் கோவில் ரோட்டில், ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனி. தறிச் சத்தம் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே காலடியில் அதிர்ந்தது. மேற்கே மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. கேட்டில் காவல்காரரைத் தாண்டி நுழையும்போது ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தலைமுடியில் பஞ்சுத் தூசி. காலில் ஆம்பிளை செருப்பு. நீல ரப்பர் செருப்பு, அவள் பாதத்தைவிட மூன்று விரல் நீளம்.

"நீங்கதான் தொட்டியப் பாக்க வந்தவுகளா?"

சப்ரீன் தலையசைத்தாள்.

"என் பேரு மாரிக்கனி. இங்கனதான் பேண்டேஜ் உருட்டுற செக்சன்ல இருக்கேன். எங்க வீட்டுக்காரரு சங்கிலிப்பாண்டி. அந்தத் தொட்டி வேலையிலதான் இருந்தாக. சொவரு ஊத்துன அன்னைக்கு வேலைக்கு வந்தவுக. பொறவு வீட்டுக்கு வரல."

காவல்காரர் எங்கேயோ பார்த்தார்.

"காண்ட்ராக்டர் அண்ணாச்சி சொல்லுதாரு, அவிய எவளையோ கூட்டிக்கிட்டுக் கேரளாவுக்கு ஓடிட்டாகளாம். ஓடிப் போறவுக செருப்ப விட்டுட்டா போவாக?" அவள் காலைச் சற்று முன்னால் நீட்டிக் காட்டினாள். "தொட்டி ஓரத்துல கெடந்துச்சு. ஓடிட்டாகன்னா ஓடிட்டாகன்னு ஒரு ஆளு பாத்துச் சொல்லட்டும். செத்துட்டாகன்னா அதையாவது சொல்லட்டும். பொட்டு வைக்கிறதா அழிக்கிறதான்னு தெரியாம காலையில கண்ணாடி முன்னால நிக்கேன் தங்கச்சி."

சப்ரீன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"என்னைய அந்தப் பக்கம் விட மாட்டேங்காக. நீ கீழ இறங்குவேல்ல. செத்த பாத்துட்டு வா."

வேலை நடக்கிற இடத்துக்கு வந்த பிறகும் அந்தச் செருப்பு சப்ரீனின் கண்ணில் நின்றது.

தொட்டி தரைக்குக் கீழே இருந்தது. துணியை வெளுக்கிற தண்ணீருக்காகப் புதிதாகக் கட்டியது. மேலே தளமும் போட்டுவிட்டார்கள். கீழே, நடுவில் ஒரு சுவர் தொட்டியை இரண்டு அறையாகப் பிரித்தது. அறைக்கு ஒரு வாய், வாய்க்கு ஓர் இரும்பு மூடி, இறங்க ஓர் ஏணி. ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போக வழி கிடையாது.

அந்த நடுச்சுவர்தான் சிக்கல். கான்கிரீட் ஊற்றுகிற அன்றே அதே கலவையில் கொஞ்சம் எடுத்துச் சதுரக் கட்டிகளாக வார்த்து வைப்பார்கள். இருபத்தெட்டாம் நாள் அவற்றை மிஷினில் வைத்து நசுக்குவார்கள். தாங்கினால் சுவரும் தாங்கும். நேற்று நசுக்கியபோது மூன்று கட்டிகளும் தாங்க வேண்டிய பாரத்துக்கு வெகு முன்னாலேயே உதிர்ந்துவிட்டன. கட்டி கெட்டிருக்கலாம், சுவர் நன்றாக இருக்கலாம். அதைச் சுவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் சப்ரீனை அனுப்பியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் பாண்டிச்செல்வம் சிமெண்ட் கொட்டகை நிழலில் நின்றபடியே பேசினான். சின்ன வயசுக்காரன். பல நாள் தூங்காதவன் போல் கண் உள்ளே போயிருந்தது.

"நாலு மணிக்குள்ள சொல்லிருங்க மேடம். பாஸ்னா நாளைக்கே தண்ணி விட்டுருவோம்."

"பெயில்னா?" என்றார் வேல்சாமி.

"பெயில்னா சொவத்த உடைக்கணும்." என்றான் அவன். "காண்ட்ராக்டர் ஆவுடையப்பன் அண்ணாச்சி பாஸ்தான் வரும்னு சொல்லிட்டாரு."

"பரிச்ச எழுதுறதுக்கு முன்னாலயே மார்க்கா? எங்க காலத்துல இந்த வசதி இல்லாமப் போச்சே."

பாண்டிச்செல்வம் சிரிக்கவில்லை. தளத்தின் மேல் அவன் கால் வைக்கவும் இல்லை.

மிஷின் சின்னது. அதிலிருந்து இரண்டு வயர்கள், வயர் நுனியில் பொம்மை டம்ளர் அளவுக்கு இரண்டு இரும்பு உருளைகள். ஒன்று சத்தத்தை அனுப்பும். மற்றது வாங்கும். மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம். சுவரின் இந்தப் பக்கம் ஒருவர் ஓர் உருளையை அழுத்திப் பிடிக்க, அந்தப் பக்கம் அதே இடத்துக்கு நேராக இன்னொருவர் மற்றதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையில் காற்று புகாமலிருக்கக் கிரீஸ் தடவ வேண்டும். சத்தம் சுவரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை மிஷின் காட்டும், மைக்ரோ செகண்டில்.

சுவரின் கனம் நாற்பது சென்டிமீட்டர். நல்ல கான்கிரீட் என்றால் நூறு காட்டும். உள்ளே பொத்தலோ வெற்றிடமோ இருந்தால் சத்தம் சுற்றிக்கொண்டு வரும், எண் ஏறும்.

கீழே போனில் சிக்னல் கிடைக்காது. கத்தினால் தொட்டியில் எதிரொலிக்கும், ஒன்றும் விளங்காது. சப்ரீனுக்குக் கத்தவும் வராது. அதனால் வேல்சாமி எப்போதும் ஒரு வழி வைத்திருந்தார். ஆளுக்கொரு மரக்கட்டை. ஒரு தட்டு தட்டினால் 'வச்சுட்டேன்'. எதிர்ப்பக்கம் ஒரு தட்டு வந்தால் 'நானும் வச்சுட்டேன்'. இரண்டு தட்டு, 'எடுத்தாச்சு, அடுத்த இடம்'.

"மூணு தட்டுனா?" என்று கேட்டு அவளைப் பார்த்தார், வாத்தியார் மாதிரி.

"மேல ஏறு," என்றாள் சப்ரீன், வாய்க்குள்.

"அம்புட்டுத்தான்."

அவர் ஓர் உருளையை எடுத்துக்கொண்டு, நீண்ட வயர் தளத்தின் மேலாக இழுபட, கிழக்கு வாயில் இறங்கினார். அவள் மிஷினும் மற்ற உருளையுமாக மேற்கு வாயில் இறங்கினாள்.

ஏணியின் கடைசிப் படியில் வெளிச்சம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். எமர்ஜென்சி விளக்கைத் தரையில் வைத்தாள். சுவர் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது, பலகைகளின் தடம் இன்னும் அதன் மேல் இருந்தது. பச்சைச் சிமெண்ட் வாசம். தறிகளின் அதிர்வு இங்கே காதுக்குக் கேட்காமல் பல்லுக்குக் கேட்டது.

இருவரும் டேப் பிடித்து அவரவர் பக்கத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டார்கள். மேல் வரிசையில் தொடங்கினாள்.

ஒரு தட்டு.

அந்தப் பக்கமிருந்து உடனே ஒரு தட்டு. வேல்சாமியின் தட்டு அவளுக்குத் தெரியும். கடைக்காரர் கல்லாவைத் தட்டுவது போல் கறாரான தட்டு.

நூற்றொன்று. சுவரிலேயே சாக்பீஸால் எழுதினாள். இரண்டு தட்டு. அடுத்தது தொண்ணூற்றொன்பது. அடுத்தது நூற்றுமூன்று. மேல் வரிசை முழுக்க நல்ல சுவர். அவளுக்கு உள்ளூர ஓர் ஆறுதல். யாரிடமும் சத்தம் போட்டு எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாம் வரிசை நெஞ்சு உயரத்தில். முதல் புள்ளி தொண்ணூற்றெட்டு. இரண்டாவது நூற்றிரண்டு. இரண்டு தட்டு தட்டிவிட்டு மூன்றாவது புள்ளிக்கு நகர்ந்தாள்.

அங்கே சுவர் ஈரமாக இருந்தது. எண்ணெய் கசிந்தது போல் ஒரு கறை, நெஞ்சு உயரத்திலிருந்து முழங்கால் வரை. விரலால் தொட்டு முகர்ந்தாள். எண்ணெய் இல்லை. இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை அடித்தது. கையைச் சுவரிலேயே துடைத்தாள்.

ஒரு தட்டு.

பதில் வரவில்லை. காத்திருந்தாள். வேல்சாமி கிரீஸ் தடவுகிறாராக்கும்.

பிறகு வந்தது. ஒரு தட்டு, மெதுவாக. கட்டையால் தட்டியது போல் இல்லை.

மிஷின் நூற்றறுபத்துநான்கு என்றது.

மறுபடி அழுத்தினாள். நூற்றெழுபத்தொன்று. உள்ளே பொத்தல் இருக்கிறது. கலவை சரியாக இறங்காத இடத்தில் இப்படி ஆகும், தேன்கூடு என்பார்கள். அரை ஆள் உயரத்துக்குத் தேன்கூடு அவள் பார்த்ததில்லை.

எழுதினாள். இரண்டு தட்டு.

நான்காவது புள்ளி கறையின் மறு ஓரத்தில். ஒரு தட்டு தட்டினாள். இந்த முறை பதில் உடனே வந்தது. ஆனால் அவள் பிடித்திருந்த உயரத்தில் வரவில்லை. முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

குனிந்து பார்த்தாள். சுவர்தான்.

மிஷினைப் பார்த்தாள். ஐம்பது.

சிரிப்பு வந்தது முதலில். கிரீஸ் போதவில்லையாக்கும். கிரீஸ் அப்பினாள், அழுத்தினாள். ஐம்பது. எண் ஆடாமல் நின்றது.

குறுக்கே கம்பி இருந்தால் சத்தம் இரும்பு வழியாக வேகமாக ஓடும். அது அவளுக்குத் தெரியும். மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்தச் சுவரே முழுக்க இரும்பாக இருந்தாலும் நாற்பது சென்டிமீட்டரைக் கடக்க அறுபத்தெட்டு ஆகும். அதற்குக் கீழே போகவே முடியாது.

வேகம் கூடியிருக்க வழியில்லை.

அப்படியானால் தூரம்தான் குறைந்திருக்கிறது.

வாங்குகிற உருளை சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. சுவரின் நடுவில் இருக்கிறது.

"அண்ணே," என்றாள். அது உதட்டைத் தாண்டவில்லை.

மேலே எங்கோ சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பல்லில் இருந்த அதிர்வு போனது. அந்த அமைதியில் தன் மூச்சை அவள் கேட்டாள்.

தன் மூச்சை மட்டும் இல்லை.

சுவருக்குள் மணல் உரசுவது போல் ஒரு சத்தம். இறுகிய எதையோ ஒருவர் மிகப் பொறுமையாக விலக்குவது போல. அவள் உள்ளங்கை உருளையோடு சுவரில் ஒட்டிக்கிடந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கை கேட்கவில்லை.

எண் இறங்கத் தொடங்கியது.

நாற்பத்தொன்று.

முப்பத்துமூன்று.

அவள் அசையவில்லை. அந்தப் பக்கமிருப்பது அசைகிறது.

இருபத்தைந்து. பத்து சென்டிமீட்டர். பிசிக்ஸ் படித்த மூளை அவள் கேட்காமலேயே வகுத்துச் சொன்னது. பதினைந்து. ஆறு சென்டிமீட்டர். கம்பிக் கூட்டைத் தாண்டி வந்துவிட்டது.

நாலு.

ஒன்றரை சென்டிமீட்டர். அவள் விரல் கனம். அவள் உள்ளங்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் கனமான சுவர், அவ்வளவுதான்.

உருளை சூடாகியது. கையில் பிடித்த இன்னொரு கை போல.

பிறகு அவள் உள்ளங்கையிலேயே அது தட்டியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஏணியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. தளத்தில் முழங்காலில் விழுந்தபோது கண்ணைக் குத்துகிற வெயில். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வலது கையில் இன்னும் கிரீஸ், இடது கையில் மரக்கட்டை.

எதிரே, சிமெண்ட் கொட்டகை நிழலில், மணல் குவியலின் மேல் உட்கார்ந்து வேல்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா. கூப்புட்டுட்டு நீ வராமக் கீழயே என்ன செஞ்ச? நான் வந்து எம்புட்டு நேரமாச்சு." அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். "தாயி? என்ன தாயி?"

"எப்ப ஏறுனீக?" அவள் வாயசைவைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொண்டார்.

"நீ தட்டுனவுடன ஏறிட்டேன். ரெண்டாவது வரிசையில ரெண்டு எடம் முடிச்சோம்ல. அதுக்கப்புறம் நீ மூணு தட்டுன. ஏறு, ஏறு, ஏறுன்னு. பம்பரமா மேல வந்துட்டேன்."

"நான் மூணு தட்டல."

"தட்டுன."

"ரெண்டுதான் தட்டுனேன். அடுத்த எடம்னு."

வேல்சாமி கிழக்கு வாயைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பிடிச்சிருந்த உருளை எங்க அண்ணே?"

"அதக் கீழயே தரையில பேப்பர் மேல வச்சுட்டு வந்தேன். ஏணியில ஏறணும்ல."

"அப்ப இவ்வளவு நேரம் யாரு பிடிச்சிருந்தா?"

அவர் எழுந்து கிழக்கு வாய்க்குப் போனார். குனிந்து பார்க்கவில்லை. தளத்தில் கிடந்த வயரை மட்டும் பிடித்து மெதுவாக இழுத்தார். வயர் தடையில்லாமல் வந்தது. கடைசியில் உருளை மேலே வந்து வெயிலில் ஆடியது.

அதன் மேல் சிமெண்ட் அப்பியிருந்தது. காய்ந்த சிமெண்ட் இல்லை. இப்போதுதான் கலந்தது போன்ற பச்சைச் சிமெண்ட், சொட்டுச் சொட்டாகத் தளத்தில் விழுந்தது. அதில் நான்கு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்திருந்தன.

வேல்சாமி உருளையைக் கீழே விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். அவர் கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நடுவுல நின்னு கேட்டிருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "நம்ம ரெண்டு பேரும் தட்டுறத. எதுக்கு ஒண்ணு, எதுக்கு ரெண்டுன்னு. படிச்சுக்கிட்டு என்னைய மேல அனுப்பிட்டு..."

"எத்தன தட்டு?"

பாண்டிச்செல்வம் கேட்டான். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"உங்களுக்கு எத்தன தட்டு கேட்டுச்சு?"

"மூணு."

பாண்டிச்செல்வம் தூணோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். யாரும் கேட்காமலே பேசினான், தளத்தைப் பார்த்து.

"ஊத்துறதுக்கு முன்னால ஒல்லியான ஆளு ஒருத்தன் பலகைக்குள்ள இறங்கி, மரத்தூளு, ஆணி எல்லாத்தையும் அள்ளணும். அள்ளிட்டு மேல வந்து பலகையில மூணு தட்டுத் தட்டணும். வந்துட்டேன், ஊத்தலாம்னு அர்த்தம். பம்பு வண்டி சத்தத்துல வாயால சொன்னாக் கேக்காதுல்ல. எப்பவும் அப்படித்தான். எந்தச் சைட்டுலயும் நாங்க அப்படித்தான்."

"சரி."

"அன்னைக்குச் சங்கிலிப்பாண்டி அண்ணன் இறங்குனாரு. அன்னைக்கும் மூணு கேட்டுச்சு."

வேல்சாமி கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

"மூணு கேட்டுச்சு அண்ணே. அவரு மேல வந்துட்டாரான்னு எட்டிப் பாக்கல. இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஊத்துங்கன்னுட்டேன். ஊத்த ஊத்தத் தட்டுச்சு. மூணு, மூணு, மூணுன்னு. நான் நெனச்சேன், கல்லு பலகையில விழுகுதுன்னு." அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்தான். "அண்ணாச்சிட்ட சொன்னேன். வாய மூடிட்டுப் போலேன்னாரு. ராத்திரி தூங்குறப்ப எங்க வீட்டுச் சொவத்துலயும் கேக்குது."

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கப் போன விரல் ஸ்பீக்கரை அழுத்த, ஆவுடையப்பனின் குரல் வெளியே கேட்டது.

"ஏலே பாண்டி. அந்தப் புள்ள பாஸ் போட்டுச்சா இல்லையா? தண்ணி வண்டிக்குச் சொல்லவா?"

சரக், சரக் என்று ஒரு சத்தம். அளவுக்குப் பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். சாப்பாட்டு நேரத்தில் காவல்காரர் கேட்டை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். மாரிக்கனி தளத்தின் மேல் ஏறி, இரண்டு வாய்க்கும் நடுவே வந்து நின்றாள். சுவருக்கு நேர் மேலே.

உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வத்தைப் பார்த்தாள். வேல்சாமியைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன தங்கச்சி," என்றாள். "கீழ போனியே. பாத்தியா?"

சப்ரீன் தன் கிரீஸ் கையைப் பார்த்தாள். பாஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குத் தண்ணீர் ஏறிவிடும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

"ஏலே, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

தளத்துக்கு அடியிலிருந்து ஒரு தட்டு கேட்டது.

ஒன்றே ஒன்று.

பட்டப்பகலில், வெயிலில், நான்கு பேருக்கும் கேட்டது. மாரிக்கனி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். ஆவுடையப்பனுக்கும் கேட்டிருக்க வேண்டும். போனுக்குள் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு தட்டு என்றால், வைத்துவிட்டேன். இனி நீதான்.

சப்ரீன் மரக்கட்டையோடு குனிந்து, தளத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

பிறகு நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அவள் குரல் தறிக்கூடம் வரைக்கும் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"சொவரு பெயில். உடைக்கணும். அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்கயும் ஓடிப் போகல. இந்தச் சொவத்துக்குள்ளதான் நிக்காரு."